பத்துத் துளி

ஜனவரி 10

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லாரும் நலம். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் உங்கள் பெண்கள் இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை பேச இடம் கிடைப்பதில்லை. தவிர, இது அவர்கள் காதில் விழக்கூடாத விஷயம். அதனால்தான் கடிதம்.

வீட்டில் சென்ட் தயாராகிறது! கட்டிலுக்கடியில் ஏழு ஜாம் பாட்டில்கள். ஒன்றில் ஆரஞ்சுத் தோல், ஒன்றில் கிராம்பு, ஒன்றில் புதினா, ஒன்றில் எலுமிச்சை இலை, ஒன்றில் பக்கத்து வீட்டு வேலியிலிருந்து கேட்காமல் பறித்த ரோஜா. ஆறாவதில் பென்சில் சீவிய தூள். அது நம் சின்னவள் சுண்டெலியின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஆறு வயதில் அவளுக்கு எங்கிருந்துதான் இந்த யோசனையெல்லாம் வருகிறதோ. ஏழாவது பாட்டிலைச் சுற்றிப் பேப்பர் ஒட்டியிருக்கிறார்கள். அதில் என்ன என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை.

ஊறவைக்கச் சாராயம் வேண்டுமே, அதற்குத்தான் என்னிடம் வந்து மாட்டிக்கொண்டார்கள். பேக்கரியில் வெண்ணிலாக் காயை ஊறப்போட நாங்கள் வைத்திருக்கும் சாராயம் ‘ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு’ வேண்டுமாம். முதலாளியிடம் சொல்லி ஒரு பாட்டில் வாங்கிவந்து நானே ஊற்றிக் கொடுத்தேன். மிச்சத்தைப் பீரோவில் பூட்டிவிட்டேன், பயப்படாதீர்கள். பெரியவள் ஒவ்வொரு பாட்டிலுக்கும் சீட்டு ஒட்டி, தேதி போட்டு, குலுக்குவதற்கு அட்டவணை எழுதி மாட்டியிருக்கிறாள். பத்து வயதில் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகிவிட்டாள்.

யாருக்கு என்பது ரகசியம். நேற்று சுண்டெலி என் மடியில் ஏறி, “அத்தை, உனக்கு எந்த வாசனை ரொம்பப் பிடிக்கும்? சும்மா கேட்டேன்” என்றாள். பெரியவள் அவள் காலை மிதித்தாள். பிப்ரவரி இருபது என் பிறந்தநாள். ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது எனக்குப் பெரிய பாடாக இருக்கிறது.

எத்தனை நாள் ஊற வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும். எழுதுங்கள். போனில் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்

*

ஜனவரி 17

அன்புள்ள நாத்தனாருக்கு,

ஆரஞ்சுத் தோலின் உள்பக்கத்து வெள்ளையைச் சுரண்டி எடுக்கச் சொல். இல்லாவிட்டால் கசப்பு ஏறும். ரோஜா இதழை இரண்டு நாளுக்கு மேல் ஊறவிட்டால் வைக்கோல் வாசனை வரும். பழையதை எடுத்துவிட்டுப் புது இதழ் போட வேண்டும், நாலைந்து தடவை. வெயில் படக்கூடாது. ஐந்து வாரம் கழித்து மெல்லிய துணியில் வடிகட்டலாம். பென்சில் தூள் நல்ல யோசனை. மரவாசனைக்கு நாங்களே ஏறக்குறைய அதைத்தான் தேடுகிறோம். சுண்டெலிக்கு என் மூக்கு வந்திருக்கிறது.

இவ்வளவும் உன் கேள்விக்குப் பதில். இனி என் கேள்வி.

பிள்ளைகளை உன்னிடம் விட்டுவிட்டு இந்த ஊரில் சோப்புத் தொழிற்சாலையின் முகர்வறையில் உட்கார்ந்து மூக்கால் பிழைக்கிறவள் நான். பெற்ற பிள்ளைகள் வீட்டில் சென்ட் செய்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன ஞாயிறு இருபது நிமிடம் பேசினார்கள். ஸ்கூல் பஸ் பஞ்சரானது முதல் பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது வரை எல்லாம் சொன்னார்கள். சென்ட் பற்றி மூச்சு விடவில்லை. “வேற என்னடா விசேஷம்?” என்று நான் கேட்டேன். “ஒண்ணும் இல்லம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?” என்றாள் பெரியவள். உன்னை ‘நீ’ என்கிறார்கள், என்னை ‘நீங்க’ என்கிறார்கள். இதை எப்போதாவது கவனித்திருக்கிறாயா?

என் பிறந்தநாள் நவம்பரில் வந்தது. ஒரு அட்டை வந்தது. அதில் பெரியவளின் கையெழுத்தைவிட உன் கையெழுத்து நன்றாக இருந்தது.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வயிறு எரிந்து எழுதவில்லை. கேட்கத் தோன்றியது, கேட்டேன்.

அண்ணி

*

ஜனவரி 25

அன்புள்ள அண்ணிக்கு,

வெள்ளையைச் சுரண்டியாயிற்று. ரோஜாவுக்குப் பக்கத்து வீட்டில் முறையாக அனுமதி வாங்கியாயிற்று.

வயிறு எரிந்து எழுதவில்லை என்றீர்கள். கடிதத்தைப் பிரிக்கும்போதே புகை வந்தது, அண்ணி. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களிடம் இப்படிப் பேசித்தான் எனக்குப் பழக்கம்.

உங்கள் கேள்வியை அவர்களிடமே கேட்டேன், நீங்கள் கேட்டதாகச் சொல்லாமல். “அம்மாவுக்கும் ஒரு பாட்டில் செய்யலாமே?” என்றேன். பெரியவள் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “அம்மாவுக்கு வாசனை பிடிக்காது அத்தை” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அவங்களுக்கு வேலையே அதுதானேடி” என்றேன். அப்போதுதான் அக்டோபரில் நடந்ததைச் சொன்னாள். நீங்கள் வந்திருந்த இரண்டு நாளில், கிளம்புகிற அன்று காலையில், சுண்டெலி என் பவுடர் டப்பாவை எடுத்துவந்து உங்கள் கழுத்திலும் கையிலும் அப்பினாளாமே. நீங்கள் பதறிப்போய் ஈரத்துண்டால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தீர்களாம். இரண்டாவது தடவை சோப்புப் போட்டுக் குளித்தீர்களாம். மறுநாள் முகர்வறையில் உட்கார வேண்டும், மேலே ஒரு பொட்டு வாசனை இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள் என்று நான் எடுத்துச் சொன்னேன். “அது தெரியும். ஆனா அம்மா மூஞ்சிய சுளிச்சாங்க” என்றாள். சுண்டெலி அன்றைக்கு முழுக்கப் பவுடர் டப்பாவைத் தொடவில்லையாம்.

இது நடந்தபோது நான் பேக்கரியில் இருந்தேன். தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு முப்பத்தாறு முடியப்போகிறது. ஊரில் இருக்கிற எல்லார் பிறந்தநாளுக்கும் கேக்கில் பெயர் எழுதுகிறவள் நான். எனக்கென்று யாரும் ஒன்றும் செய்ததில்லை. அண்ணன் கப்பலிலிருந்து வந்தால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பெட்டி பெட்டியாக வரும், எனக்கு ஒரு சாக்லேட் டப்பா வரும். அதையும் உங்கள் பெண்கள்தான் தின்பார்கள். இந்த ஒரு பாட்டில் எனக்கென்று வருகிறது. இதையும் பங்கு போட வேண்டுமா?

உங்கள் நாத்தனார்

பி.கு. என் பழைய ஏப்ரனில் ஒரு பக்க நாடாவைக் காணவில்லை. வீட்டில் இருக்கிற எலி எது என்று எனக்குத் தெரியும்.

*

பிப்ரவரி 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முகம் சுளித்தேனா? எனக்கு ஞாபகம் இல்லை. துண்டு ஞாபகம் இருக்கிறது. எட்டு மணி பஸ் ஞாபகம் இருக்கிறது.

இங்கே நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்டதே இல்லை. விடுதியில் என் சோப்புக்கு வாசனை கிடையாது. தலைக்கு எண்ணெய் கிடையாது. பக்கத்து அறைக்காரி பூ வாங்கினால் நான் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். காலையில் காப்பி குடிக்கக்கூடாது. வாசனை தோய்த்த அறுபது காகிதத் துண்டுகளை ஒரு நாளில் முகர்ந்து, போன மாதச் சோப்பும் இந்த மாதச் சோப்பும் ஒன்றுதான் என்று கையெழுத்துப் போடுகிறேன். யார் யார் வீட்டுக் குளியலறைக்காகவோ. நீ மாலையில் வெண்ணெயும் வெண்ணிலாவும் சூடான அட்டைப்பெட்டியுமாக வீட்டுக்குள் நுழைகிறாய், என் பிள்ளைகள் ஓடிவந்து உன் வயிற்றில் முகத்தைப் புதைக்கிறார்கள். என் வயிற்றில் புதைத்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? கஞ்சி போடாத துணி வாசனை.

ஆமாம், பொறாமைதான். சொல்லிவிட்டேன், போதுமா?

பங்கு கேட்கவில்லை. சென்ட் உனக்குத்தான். ஆனால் அது நிற்காது. அவர்கள் போட்டது எல்லாம் லேசான வாசனைகள், இரண்டு மாதத்தில் பறந்துவிடும். அடியில் கனமாக ஒன்று வேண்டும், அதுதான் மற்றதைப் பிடித்துவைக்கும். இத்துடன் ஒரு சின்னக் குப்பியில் வெட்டிவேர் எண்ணெய் அனுப்புகிறேன். சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கியது. வடிகட்டி ஒன்றாகச் சேர்த்த பிறகு, பிள்ளைகள் ஸ்கூலில் இருக்கும்போது, பத்துத் துளி விட்டுக் குலுக்கிவை. அவர்களுக்குத் தெரிய வேண்டாம். உனக்கு அவர்கள் செய்கிற பரிசில் என் கையும் இருந்துவிட்டுப் போகட்டும். இதைக்கூட மறுத்துவிடாதே.

அண்ணி

*

பிப்ரவரி 24

அண்ணிக்கு,

நீங்கள் கேட்டதைச் செய்தேன். அதன் பலனைக் கேளுங்கள்.

பதினாறாம் தேதி வடிகட்டினார்கள். ஏழு பாட்டிலும் ஒரு பாட்டிலானது. என்னை அறைக்கு வெளியே நிற்கவைத்துவிட்டுத்தான் செய்தார்கள், ஆனால் வீடு முழுக்க வாசனை. நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அண்ணி. நன்றாக இருந்தது என்று மட்டும் எழுதுகிறேன். மறுநாள் அவர்கள் ஸ்கூலுக்குப் போனதும் பாட்டிலை எடுத்து, கேக்குக்குக் கலர் விடுகிற சொட்டுக்குழாயால் பத்துத் துளி விட்டேன். எண்ணி விட்டேன். குலுக்கினேன். எடுத்த இடத்திலேயே வைத்தேன். முகர்ந்து பார்க்கவில்லை, அதைப் பிறந்தநாளுக்கென்று வைத்திருந்தேன்.

இருபதாம் தேதி காலையில் இரண்டு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்கள். பாட்டிலில் வயலட் ரிப்பன். “மொதல்ல நான் செக் பண்ணுவேன்” என்று பெரியவள் மூடியைத் திறந்தாள். அவள் முகம் மாறியது. இன்னொரு தடவை முகர்ந்தாள்.

“இது எங்களோடது இல்ல” என்றாள்.

நானும் முகர்ந்தேன். ஆரஞ்சு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. மேலே முழுக்க ஈர மண்ணும் வேரும். பெரியவள் திரும்பிச் சுண்டெலியைப் பிடித்தாள். “நீதான் என்னமோ போட்டிருக்க! மண்ணு போட்டியா?” சுண்டெலி, “நான் நாடா மட்டுந்தான் போட்டேன், சத்தியமா நாடா மட்டுந்தான்” என்று தரையில் உருண்டு அழுதாள். ஏழாவது பாட்டிலில் இருந்தது என் ஏப்ரன் நாடா, அண்ணி. என் வாசனை வேண்டும் என்று அதை வெட்டி ஊறவைத்திருக்கிறார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சும்மா நின்றேன். உண்மையைச் சொன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் சின்னவள் மேல் பழி. வேலைக்கு நேரமாயிற்று என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். அன்றைக்கு இரண்டு கேக்கில் பெயரைத் தப்பாக எழுதினேன். சாயங்காலம் திரும்பி வந்தால் சுண்டெலி கதவுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள், மறுபடியும் செய்வதற்காக. அதற்கு மேல் தாங்கவில்லை. “நான்தான்டி கேக் எசென்ஸ் ஊத்திட்டேன், இன்னும் வாசனையா இருக்கட்டும்னு” என்றேன்.

மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. பெரியவள் சாப்பாட்டுத் தட்டைத் தானே போட்டுக்கொள்கிறாள். “கிஃப்ட் குடுக்கறதுக்கு முன்னாடியே திறந்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள். கவனித்தீர்களா? என்னையும் ‘ங்க’ போட்டுவிட்டாள்.

ஒரே ஒரு கேள்வி. நீங்கள் மூக்கால் பிழைக்கிறவர். அந்தச் சின்ன பாட்டிலுக்குப் பத்துத் துளி சரியா?

நாத்தனார்

*

மார்ச் 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

இல்லை. சரியில்லை. இரண்டு துளி போதும். மூன்று என்றால் தாராளம்.

கை தவறி எழுதியது அல்ல. முதலில் ‘மூன்று’ என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் ‘பத்து’ என்று எழுதினேன். மூன்று விட்டால் அது கீழே அடங்கிக் கிடக்கும், நீ முகரும்போது நான் இருப்பதே உனக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று நினைத்தேன். கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியாதா? வேலையே அதுதானே.

இன்னும் கேவலமான ஒன்று. “மூன்று நாள் என்னிடம் பேசவில்லை” என்ற வரியைப் படித்ததும் எனக்கு உச்சி குளிர்ந்தது. விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து அந்த வரியை மட்டும் மறுபடி மறுபடி படித்தேன். அப்புறம்தான் கதவுக்குப் பின்னால் பென்சில் சீவியது யார் என்பது உறைத்தது. என் பிள்ளை செய்த பொருளை நான் கெடுத்து, அந்தப் பழியை அவள் தலையிலேயே சுமத்தி, சந்தோஷமும் பட்டிருக்கிறேன். அன்றைக்கு முகர்வறையில் எனக்கு ஒரு வாசனையும் ஏறவில்லை. சளி என்று சொல்லிச் சீக்கிரம் வந்துவிட்டேன்.

இத்துடன் பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், பத்துத் துளி உட்பட. அத்தை எசென்ஸ் ஊற்றவில்லை, அம்மாதான் செய்யவைத்தேன், சுண்டெலி ஒரு தப்பும் செய்யவில்லை என்று. ஏன் செய்தேன் என்றும் எழுதியிருக்கிறேன். நீயே படித்துக் காட்டு. எனக்காகப் பரிதாபப்பட்டு ஒரு வார்த்தைகூடக் குறைக்காதே.

ஒன்று உனக்குத் தெரிய வேண்டும். ஏப்ரல் கடைசியில் எனக்குக் குவார்ட்டர்ஸ் கொடுக்கிறார்கள். இரண்டு அறை, ஒரு சின்ன பால்கனி. பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளை அழைத்துவந்துவிடலாம் என்று போனில் சொல்லக் காத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தைக் கேட்டுவிட்டு, அம்மாவிடம் போகமாட்டோம், அத்தையிடமே இருக்கிறோம் என்று சொன்னால், நான் வற்புறுத்த மாட்டேன். உனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருக்கும். அந்தச் சந்தோஷத்தை மறைக்காமல் எழுது.

அண்ணி

*

மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் என் குற்றத்தைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தை நான்கு நாள் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அதற்குள் சுண்டெலி என்னை மன்னித்துவிட்டாள், பெரியவளும் பாதி இறங்கி வந்துவிட்டாள். எதற்கு மறுபடியும் கிளற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. படித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். உங்கள் மேல் கோபப்படுவார்கள், அல்லது படமாட்டார்கள். இரண்டாவதை நினைத்துத்தான் பயந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் படித்தேன். ஒரு வார்த்தையும் விடவில்லை. “அத்தையின் மேல் எனக்குப் பொறாமை. நீங்கள் அவளுக்குச் செய்கிறீர்கள், எனக்குச் செய்யவில்லை என்று வயிறு எரிந்தது. அதனால் கெடுத்தேன்” என்ற இடத்தோடு நான் நிறுத்திக்கொண்டேன். பெரியவள் தாளை வாங்கி மீதியைத் தானே படித்தாள்.

பிறகு பெரியவள் எழுந்துபோய்ச் சுண்டெலியிடம், “சாரிடி” என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

சுண்டெலிக்கு வேறு சந்தேகம். “அம்மா பொறாமைப்பட்டாங்களா? எங்களுக்காகவா?” என்றாள். ஆமாம் என்றேன். “நிஜமாவா?” ஆமாம். “ரொம்பவா?” அவள் முகம் எப்படிப் பூரித்தது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுப்படிக்கும் வாசலுக்குமாக ஓடினாள். “அம்மாவுக்கு எங்க மேல பொறாமை, அம்மாவுக்கு எங்க மேல பொறாமை” என்று பாட்டாகவே பாடிவிட்டாள். உங்களுக்கு அவர்கள் தேவைப்படுகிறார்கள் என்பது அதுவரை அவளுக்கு யாரும் சொல்லாத செய்தி போலிருக்கிறது. ஒரு வருஷமாக நானும் சொல்லவில்லை, அண்ணி. தோன்றவில்லையா, தோன்றியும் சொல்லவில்லையா என்று எனக்கே தெரியவில்லை.

அதற்கப்புறம் அலமாரியிலிருந்து பாட்டிலை இறக்கினார்கள். இதில் அம்மா எது என்று தேடுகிறார்கள். கண்ணை மூடி முகர்கிறார்கள். “இது ஆரஞ்சு, இது கிராம்பு, இது அம்மா, இங்க இருக்காங்க!” என் பிறந்தநாள் பரிசு, என் ஏப்ரன் நாடா ஊறிய பாட்டில், அதில் உங்களைக் கண்டுபிடித்துக் கைதட்டுகிறார்கள். நான் கேக்குக்கு முட்டையை வேண்டுமென்றே சத்தமாக அடித்துக்கொண்டிருந்தேன்.

குவார்ட்டர்ஸ் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். வருகிறார்கள். கேட்ட அடுத்த நிமிடமே பெரியவள் பெட்டியில் வைக்க வேண்டிய சாமான்களுக்குப் பட்டியல் போட ஆரம்பித்தாள். பாட்டிலையும் எடுத்துப்போகலாமா என்று சுண்டெலி கேட்டாள். கொடுத்துவிட்டேன். எனக்கு வந்த பரிசு, கொடுக்க எனக்கு உரிமை உண்டு. ரிப்பனை மட்டும் வைத்துக்கொண்டேன்.

சந்தோஷத்தை மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். மறைக்க ஒன்றும் இல்லை.

உங்கள் நாத்தனார்

*

மே 30

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ போன மாதம் அவர்களை ரயிலேற்றிவிட்ட பிறகு நான் உனக்கு எழுதவில்லை. போனிலும் நீ, “நல்லா இருக்காங்களா? சரி” என்று வைத்துவிடுகிறாய். எழுதாததற்குக் காரணம் திமிர்தான். ஒரு மாதமாவது எனக்கே எனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தேன்.

பெரியவள் ஒரே வாரத்தில் இந்தக் கட்டடத்துக்கே ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகிவிட்டாள். லிஃப்ட் பொத்தானை யார் அழுத்த வேண்டும் என்று கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்கு முறை போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் பாட்டிலைக் கொண்டுவந்து என் மணிக்கட்டில் தடவுகிறார்கள். சாயங்காலம் வரை நான் கழுவுவதில்லை. அப்புறம் சுரண்டித் தேய்த்துக் கழுவுகிறேன். ஏன் கழுவுகிறேன் என்று இப்போது அவர்களுக்குத் தெரியும். சுண்டெலியே தண்ணீர் ஊற்றுகிறாள்.

ஆனால் சாயங்காலம் கீழே விளையாடிவிட்டு வந்ததும் அவள் செருப்பை உதறிவிட்டுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவாள். திறந்து முகர்வாள். பால்கூடக் குடிக்காமல் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். போன வாரம் அழுதுகொண்டே வந்தாள். “அத்தையக் காணோம்” என்றாள்.

வாங்கி முகர்ந்தேன். திறந்து திறந்து மூடியதில் ஆரஞ்சு போய்விட்டது. புதினா போய்விட்டது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, பென்சில் எல்லாம் பறந்துவிட்டன. ஏழாவது பாட்டிலில் அவர்கள் ஊறவைத்த உன் நாடா, அந்த வெண்ணெயும் வெண்ணிலாவும், இருந்த சுவடே இல்லை. மிஞ்சியிருப்பது வெட்டிவேர் ஒன்றுதான். பாட்டிலில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். பத்துத் துளியும் அப்படியே இருக்கிறேன். நான் ஜெயித்துவிட்டேன், பார்.

மூக்கு இருக்கிறதே என்று உன்னைச் செய்துபார்த்தேன். சிரிக்காதே. சூப்பர்வைசரிடம் கெஞ்சி மாதிரிக் குப்பிகள் கேட்டு வாங்கி, நான்கு மாலை உட்கார்ந்து பதினான்கு கலவை செய்தேன். வெண்ணிலா, வெண்ணெய், கருக்கிய சர்க்கரை, அட்டைப்பெட்டி, கொஞ்சம் வியர்வைகூட. ஒவ்வொன்றையும் காகிதத்தில் தொட்டு அவளிடம் நீட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். பதினான்காவது நன்றாகவே வந்திருந்தது, எந்த முகர்வறையிலும் பாஸ் ஆகியிருக்கும். அவள் காகிதத்தைத் தூக்கி எறிந்தாள். “இது கேக்கு. அத்தை இல்ல. உனக்கு ஒண்ணும் தெரியல, போ!” என்றாள்.

என்னை முதல் தடவையாக ‘நீ’ என்றாள். அதற்குச் சந்தோஷப்படுவதா, உனக்காக அழுகிற பிள்ளையைப் பார்த்து எரிவதா என்று தெரியாமல் காகிதங்களைப் பொறுக்கினேன்.

அதனால் கேட்கிறேன். நாடா போன அந்தப் பழைய ஏப்ரன் இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஒரு வாரம் கட்டிக்கொண்டு வேலை செய். பிறகு கழற்றி, நன்றாக மூடுகிற டப்பாவில் போட்டு எனக்கு அனுப்பு. துவைக்காதே. வெயிலில் போடாதே. மடித்து அப்படியே வை.

இன்னும் பொறாமைதான். இருந்தாலும் அனுப்பு.

உன் அண்ணி

*

ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

பிஸ்கட் டப்பாவில் ஏப்ரன் வருகிறது. எட்டு நாள் கட்டினேன், ஒரு நாள் கூடுதலாக. மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறேன். பையிலிருக்கிற சர்க்கரைத் துணுக்கை எறும்பு கண்டுபிடிப்பதற்குள் பிரித்துவிடுங்கள். ஒட்டுத் தையல் போட்ட அந்த ஒரு பக்க நாடாவைச் சுண்டெலியிடம் காட்டுங்கள், அவள் வெட்டிய அழகு தெரியட்டும்.

பதினான்கு கலவை என்று படித்தபோது எனக்கும் உச்சி குளிர்ந்தது. நீங்கள் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை.

இங்கே வீடு துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. கட்டிலுக்கடியில் ஏழு ஜாம் பாட்டிலையும் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். கழுவியிருக்கக்கூடாது என்று பிறகுதான் தோன்றியது. தலையணை உறைகளைக்கூட அவர்கள் கிளம்பிய அன்றே, வேலை ஓடட்டும் என்று ஊறப்போட்டு அலசிவிட்டேன். எவ்வளவு முட்டாள் நான். இப்போது முகர்ந்தால் சோப்பு வாசனைதான் வருகிறது. உங்கள் தொழிற்சாலைச் சோப்பாகத்தான் இருக்கும்.

ஏப்ரன் ஒரு மாதம் தாங்கும். அதற்குள் அவர்கள் அதைப் போர்த்திக்கொள்வார்கள், அதில் மூக்கைத் துடைப்பார்கள், பால் சிந்துவார்கள், உங்களுடையதும் ஏதாவது ஒட்டும். என் வாசனை தீர்ந்துவிட்டது என்று சுண்டெலி சொன்னதும் அதே டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். மறுபடி எட்டு நாள் கட்டி அனுப்புகிறேன்.

அனுப்பும்போது நீங்களும் துவைக்காதீர்கள்.

உங்கள் நாத்தனார்